வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒற்றைப் பெற்றோர் உயில் எழுதுவது எப்படி? இந்தியச் சட்டப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

கணவன், மனைவி இருவரும் இருக்கும் வீட்டில் ஒருவர் போய்விட்டால், மிச்சமிருப்பவர் சொல்வார்: "அந்த மனையைச் சின்னவளுக்குத்தான் கொடுக்கணும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார்." பிள்ளைகளும் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். துணையை இழந்தோ, பிரிந்தோ தனியாகப் பிள்ளைகளை ஆளாக்கியவர் போகும்போது, அப்படி எடுத்துச் சொல்ல வீட்டில் இன்னொரு பெரியவர் இல்லை. அம்மா என்ன நினைத்தார், அப்பா யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் ஆளுக்கொரு ஞாபகமாகிவிடும். அப்போது பேசப்போவது நீங்கள் எழுதிவைத்த காகிதம் மட்டும்தான். அதனால் ஒற்றைப் பெற்றோர் எழுதும் உயில், மற்றவர்கள் எழுதுவதைவிடத் தெளிவாக இருந்தாக வேண்டும்.

இதில் பெரும்பகுதி இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கானது. சீக்கியர், பௌத்தர், சமணர்களும் அதில் அடக்கம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மாறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

உயில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

"எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே போகும், சமமாகப் பிரிச்சுக்கட்டும்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும்தான் போகும் என்பதே பல குடும்பங்களில் உண்மையில்லை.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறக்கும் ஆணின் முதல் நிலை வாரிசுகள் மகன், மகள், மனைவி, தாய். அதாவது மனைவியை இழந்த அப்பா ஒருவர் இறக்கும்போது அவருடைய அம்மா உயிரோடு இருந்தால், அந்தப் பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளோடு சரிபங்கு உண்டு. பாட்டிக்குக் கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றலாம், தப்பில்லை. ஆனால் பாட்டியும் உயில் எழுதாமல் போனால், அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது சித்தப்பா, அத்தைகளுக்கும் பிரியும்.

பெண்ணுக்குக் கணக்கு வேறு. அவருடைய சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். பல ஆண்டுகளாகக் கணவரைப் பிரிந்து வாழ்ந்து, தனியாளாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தில் விவாகரத்து ஆணை வாங்காதவரை அவர் சட்டப்படி கணவர்தான். நீங்கள் சம்பாதித்து வாங்கிய வீட்டில் பிள்ளைகளோடு அவரும் சரிபங்குக்காரர் ஆகிவிடுவார். ஆண்களுக்கும் இதே நிலைதான்: பிரிந்து போன மனைவி, விவாகரத்து ஆகும்வரை வாரிசு. ஆணை வந்துவிட்டால் இரு தரப்பிலும் அந்த உரிமை போய்விடும்.

இன்னொரு பக்கம், நீங்கள் பெற்ற பிள்ளைபோல வளர்த்தும், சட்டப்படி தத்தெடுக்காத குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது. தத்தெடுத்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் அதே உரிமை உண்டு. சும்மா வளர்த்த பிள்ளைக்கும், மறுமணத்தில் துணையோடு வந்த பிள்ளைக்கும் உங்கள் உயில்தான் வழி.

முதல் வேலை: உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பது

துணையை இழந்தவர்கள் எழுதும் உயில்களில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். கணவர் பெயரில் இருந்த வீடு, அவர் காலத்துக்குப் பின் வரி ரசீதும் மின் இணைப்பும் மனைவி பெயருக்கு மாறிவிட்டது. வீடு தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். முழு வீட்டையும் மகளுக்கு என்று எழுதிவைக்கிறார். ஆனால் கணவர் உயில் எழுதாமல் போயிருந்தால் அந்த வீடு முழுவதும் அவருடையது அல்ல. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு. அவர் இறக்கும்போது மனைவி, இரண்டு பிள்ளைகள், அவருடைய தாய் என நான்கு பேர் இருக்கிறார்கள். அன்றைக்கே வீடு நான்கு சம பங்காகிவிட்டது. மனைவிக்குக் கால் பங்கு. பிறகு விதவையான அந்த மாமியாரும் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவருக்கு, இறந்துபோன இந்த மகனைத் தவிர இன்னும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மாமியாரின் கால் பங்கு மூன்றாகப் பிரியும். உயிரோடிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, இறந்த மகனின் இடத்தில் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக, மைத்துனருக்கும் நாத்தனாருக்கும் அந்த வீட்டில் பங்கு வந்துவிட்டது. மனைவி உயில் எழுதக்கூடியது தன் கால் பங்கை மட்டுமே. மிச்சத்தைப் பற்றி அவர் எழுதுவது செல்லாது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. மற்ற பங்குதாரர்கள் தங்கள் உரிமையை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லாரும் சுமுகமாக இருக்கும்போதே இதைச் செய்துகொள்வது நல்லது. அது முடியாது என்றால், உயிலில் "இந்த வீட்டில் எனக்குள்ள பாகம்" என்று மட்டும் எழுதுங்கள். மனைவியை இழந்த ஆண்களும் இதே கணக்கைப் போட வேண்டும்: மனைவி பெயரில் இருந்த மனை, நகை, வைப்புத்தொகை எல்லாம் அவர் காலத்துக்குப் பின் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்திருக்கும்.

பூர்வீகச் சொத்து இருந்தால் அதில் உங்கள் பங்கை மட்டும் உயில் எழுத முடியும். அந்தப் பங்கைக் கணக்கிடும்போது மகள்களை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005 திருத்தமும் மகளைப் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கிவிட்டன. இந்தக் கணக்கை வழக்கறிஞர் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் காட்டிப் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் விஷயம் இல்லை.

இதெல்லாம் தெளிவான பிறகு ஒரு நோட்டை எடுத்துப் பட்டியல் போடுங்கள். வீடு, மனை, நிலம் என்றால் பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவகம், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை. வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பாருங்கள், பழைய அடமானம் ரத்தாகாமல் நிற்கலாம். பிறகு வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகை, பங்குகள், காப்பீடு, நகை, வண்டி. கொடுக்க வேண்டிய கடனையும், வர வேண்டிய பணத்தையும் மறக்காதீர்கள். கடன்கள் தீர்ந்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பங்கு போகும். அடமானத்தில் இருக்கும் வீட்டை மகனுக்கு எழுதினால், நீங்கள் வேறு விதமாகச் சொல்லாதவரை, கடனும் அவன் தலையில்தான். அது உங்கள் எண்ணமில்லை என்றால், எந்தப் பணத்திலிருந்து கடனை அடைக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

நாமினியை உயிலோடு ஒத்துப்போக வையுங்கள்

வங்கிக் கணக்கில் மூத்தவன் பெயர் நாமினியாக இருக்கிறது, உயிலில் பணம் மூவருக்கும் சமம் என்று இருக்கிறது. யாருக்குப் போகும்? வங்கி மூத்தவனிடம் கொடுக்கும். ஆனால் அவன் அதை மற்றவர்களுக்காக வாங்கி வைத்திருப்பவன், உரிமையாளன் அல்ல. பங்குகள் விஷயத்திலும் நாமினி முழு உரிமையாளர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் கொஞ்சம் வேறு: பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் தொகை அவர்களுக்கே உரியது என்கிறது சட்டம்.

சட்டம் எப்படி இருந்தாலும், பணத்தைக் கையில் வாங்கிய பிள்ளையிடம் மற்ற பிள்ளைகள் போய்க் கேட்க வேண்டிய நிலையை நீங்கள் உருவாக்கக்கூடாது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். உயிலில் உள்ள அதே விகிதத்தை அங்கேயும் போட்டுவிடுங்கள். லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில்தான் போட முடியும்.

விவாகரத்து ஆனவர்கள் இந்த வேலையை இன்றைக்கே செய்யுங்கள். விவாகரத்து ஆணை வந்ததாலேயே பழைய நாமினிப் படிவம் தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். திருமணமான புதிதில் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பாருங்கள்.

யாருக்கு என்ன: சமமா, நியாயமா?

பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்பதால் ஆளுக்கொரு வாழ்க்கை வந்துவிட்டது. ஒருவனுடைய மேல்படிப்புக்கு நிலத்தை விற்றிருப்பீர்கள். மகள் கூடவே இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசிப் பிள்ளைக்கு இன்னும் நிலையான வருமானம் இருக்காது. சட்டம் உங்கள் கையைக் கட்டிப்போடவில்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்தை எந்தப் பிள்ளைக்கும் எவ்வளவும் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், ஏற்றத்தாழ்வாக எழுதுவதில் தவறே இல்லை. காரணம் சொல்லாமல் எழுதுவதுதான் தவறு. குறைவாகப் பெற்ற பிள்ளை இழப்பது பணத்தை மட்டுமில்லை. "அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ" என்ற கேள்வி அந்தப் பிள்ளையிடம் வாழ்நாள் முழுக்க இருக்கும், பதில் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். இரண்டு வரி போதும்: "என் மகனின் மேல்படிப்புக்காக என் நிலத்தை விற்றுச் செலவு செய்துவிட்டபடியால், வீட்டை என் மகளுக்கே கொடுப்பது நியாயம் என்று கருதுகிறேன். இருவர் மீதும் எனக்குள்ள அன்பு ஒன்றே." குற்றம் சாட்டும் வார்த்தை ஒன்றுகூட உயிலில் வேண்டாம். வாழ்நாளில் சொல்லாத கோபத்தை உயிலில் எழுதினால், அது பிள்ளைகளுக்குள் பகையை வளர்க்கும், நீதிமன்றத்திலும் உங்கள் மனநிலையைப் பற்றிக் கேள்வி எழுப்பப் பயன்படும்.

ஒரு பிள்ளைக்கு எதுவுமே கொடுக்கப்போவதில்லை என்றாலும், அந்தப் பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டு, காரணத்தை மென்மையாகச் சொல்லுங்கள். பெயரே இல்லாவிட்டால், மறதியில் விட்டுவிட்டார், யாரோ எழுதவைத்துவிட்டார்கள் என்று வாதாட இடமாகிவிடும்.

ஒரே வீட்டை மூன்று பேருக்கும் சமமாக எழுதுவது பார்க்க நன்றாக இருக்கும், நடைமுறையில் அதுதான் சிக்கல். ஒருவர் விற்கச் சொல்வார், ஒருவர் வாடகைக்கு விடச் சொல்வார், ஒருவர் அதில் குடியிருப்பார். கடைசியில் பாகப்பிரிவினை வழக்கு. முடிந்தால் வீட்டை ஒருவருக்குக் கொடுத்து, மற்றவர்களுக்குப் பணமாகவோ வேறு சொத்தாகவோ ஈடுகட்டுங்கள். முடியாவிட்டால் வழியையாவது எழுதுங்கள்: இத்தனை மாதத்துக்குள் விற்றுப் பிரித்துக்கொள்ள வேண்டும், அல்லது விரும்பும் பிள்ளை சந்தை மதிப்பில் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ள முதல் உரிமை உண்டு என்று. மணமாகாத பிள்ளையோ, திரும்பி வந்த மகளோ வீட்டில் இருந்தால், அவர் எவ்வளவு காலம் அங்கே குடியிருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வளர்ந்த பிள்ளைக்கு மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ இருந்தால், நேரடியாக அவர் பெயருக்குச் சொத்தை எழுதுவது மட்டும் போதாது. பெற்றவர் ஒருவர் மட்டுமே இருந்து அவரும் போய்விட்டால், அதை நிர்வகிக்க ஆள் வேண்டும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின்னும் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர் மட்டக் குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பியுங்கள். அந்தப் பிள்ளையின் பங்கை ஓர் அறக்கட்டளையில் வைத்து, அதன் வருமானம் அவருக்குச் செலவாகும்படி எழுதலாம். இதற்குக் கட்டாயம் வழக்கறிஞர் உதவி வேண்டும்.

நிறைவேற்றுநர்

உயிலில் சொன்னதை நடத்திவைப்பவர் நிறைவேற்றுநர். கடனை அடைப்பது, பணத்தை வசூலிப்பது, பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பெயர் குறிப்பிடாமலும் உயில் செல்லும், ஆனால் அந்த வேலைக்கு ஒருவரை நியமிக்கப் பிள்ளைகள் நீதிமன்றம் போக வேண்டி வரலாம். பிள்ளைகளில் ஒருவரையே போடலாம், சட்டத்தில் தடையில்லை. பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே உரசல் இருந்தால், சொத்தில் பங்கில்லாத, எல்லாரும் மதிக்கும் ஒருவரைப் போடுங்கள். உங்களைவிட வயதில் இளையவராக இருக்கட்டும். அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள், மாற்று ஆளாக இன்னொருவர் பெயரையும் சேருங்கள்.

இனி எழுதுவோம்

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள், உங்களுக்கு முழுதாகப் புரியும் மொழியில் இருப்பதுதான் முக்கியம். பழைய பத்திர நடை கட்டாயமில்லை. ஆனால் சில வாக்கியங்கள் இருந்தே ஆக வேண்டும்.

தொடக்கத்தில் உங்கள் பெயர், வயது, முகவரி, தந்தை அல்லது தாய் பெயர். துணை எப்போது காலமானார், அல்லது விவாகரத்து எந்த நீதிமன்றத்தில், எந்த ஆண்டு ஆனது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வயதும் வரட்டும். அப்புறம் இப்படி:

"நான் நல்ல சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரிலும் எழுதி வைக்கும் உயில் இது. இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் ஏதேனும் இருந்தால் அவை அனைத்தையும் இதன் மூலம் ரத்து செய்கிறேன். என் ஆயுட்காலம் வரை என் சொத்துக்கள் அனைத்தையும் நானே சர்வ சுதந்திரமாக ஆண்டனுபவித்து வருவேன். என் காலத்துக்குப் பின்..."

இதன் பிறகு ஒவ்வொரு சொத்தும் யாருக்கு என்று வரும். இங்கே இரண்டு சொற்களில் கவனமாக இருங்கள். "அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதினால், விற்கும் உரிமை உண்டா, வாழும்வரை இருந்துகொள்ளும் உரிமை மட்டுமா என்று பின்னால் வழக்கு வரும். முழு உரிமை என்றால் "விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய உள்ளிட்ட முழு உரிமையுடன்" என்று எழுதுங்கள். ஆயுள் வரை மட்டும் என்றால் அதையும், அவருக்குப் பின் யாருக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் பத்தியில் முழு உரிமை கொடுத்து, அடுத்த பத்தியில் "ஆனால் விற்கக்கூடாது" என்று போடாதீர்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வாசகங்களை வைத்துப் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன.

உங்களுக்கு முன்பே ஒரு பிள்ளை காலமாகிவிட்டால்? எழுதத் தயக்கமாக இருக்கும், ஆனாலும் எழுத வேண்டிய வரி. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, அந்தப் பிள்ளைக்குக் குழந்தைகள் இருந்தால் அவர் பங்கு வீணாகாது. உங்களுக்கு அடுத்த நொடி அவர் இறந்ததாகக் கொண்டு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதில் மருமகளோ மருமகனோ கூட வரலாம். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் போக வேண்டும் என்று நினைத்தால் அப்படியே எழுதிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் 18 வயதுக்குட்பட்டவர்களாக இருந்தால், அதுவரை அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்பவர் யார் என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒரு வாசகம்: "மேலே குறிப்பிடாத, இனி எனக்குக் கிடைக்கக்கூடிய சொத்துக்கள் அனைத்தும் இன்னாருக்கு." இது ஏன் வேண்டும்? மகளுக்கு மனையை எழுதிவைத்துவிட்டு, பிறகு அந்த மனையை விற்று அடுக்குமாடி வீடு வாங்கினால், மகளுக்கு எழுதியது காலாவதியாகிவிடும். வீடு தானாக மகளுக்குப் போகாது. இந்தக் கடைசி வாசகமும் இல்லை என்றால், அந்த வீடு உயில் இல்லாத சொத்தாகி எல்லா வாரிசுகளுக்கும் பிரியும்.

கடவுச்சொற்களை உயிலில் எழுதாதீர்கள், அது பின்னால் பலர் கைக்குப் போகும் ஆவணம். தனித்தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தை நிறைவேற்றுநரிடம் சொல்லுங்கள்.

கையெழுத்தும் சாட்சிகளும்

உயில் செல்லுமா, செல்லாதா என்பது கடைசியில் இங்கேதான் நிற்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது: நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் அல்லது அது உங்கள் கையெழுத்து என்று நீங்களே அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து போட்டுவிடுவதே நல்லது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். அடித்தல் திருத்தல் வேண்டாம், பிழை வந்தால் அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதுங்கள்.

உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. சொத்துப் பெறும் பிள்ளையையோ, மருமகன் மருமகளையோ சாட்சியாகப் போடாதீர்கள். சாட்சி உங்களைவிட இளையவராக, நாளைக்குத் தேடினால் கிடைக்கக்கூடியவராக இருக்க வேண்டும். வழக்கு வந்தால், பதிவு செய்த உயிலாக இருந்தாலும் குறைந்தது ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். உங்கள் வயது நண்பர்கள் இருவரைப் போட்டால், தேவைப்படும் நேரத்தில் இருவருமே இல்லாமல் போகலாம்.

அதிகம் பெறப்போகும் பிள்ளை இந்த வேலையில் தலையிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுபவரை ஏற்பாடு செய்வதும், சாட்சிகளைக் கூட்டி வருவதும், பதிவுக்கு அழைத்துப்போவதும் அதே பிள்ளையாக இருந்தால், அதுவே சந்தேகத்துக்குரிய சூழ்நிலை ஆகும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலை முன்வைத்து உரிமை கோருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1959ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. உங்களோடு ஒரே வீட்டில் இருந்து, உங்களைத் தாங்கும் பிள்ளைக்கு அதிகம் எழுதுகிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவே அன்றைக்குத் தள்ளி வையுங்கள். வயது அதிகமென்றாலோ உடல்நிலை சரியில்லை என்றாலோ, நீங்கள் தெளிவான மனநிலையில் இருக்கிறீர்கள் என்று ஒரு மருத்துவரிடம் அதே நாளில் சான்று வாங்கி இணையுங்கள்.

பதிவு செய்யலாமா?

கட்டாயமில்லை. ஆனால் ஒற்றைப் பெற்றோருக்கு என் பரிந்துரை, செய்துவிடுங்கள் என்பதுதான். நீங்களே நேரில் போய், புகைப்படமும் விரல்ரேகையும் பதிந்து கொடுத்த உயிலைப் போலி என்று சொல்வது கடினம். காணாமல் போனாலும் சான்றிட்ட நகல் கிடைக்கும். உயில்களுக்கென்று தனிப் புத்தகம் உண்டு, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் கொடுக்கமாட்டார்கள். படுக்கையில் இருப்பவர் வேண்டிக்கொண்டால் பதிவு அலுவலர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் வழி உண்டு.

பதிவு செய்யாமலே பத்திரமாக வைக்க, மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்கலாம். வேண்டும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பதிவு செய்த உயிலுக்குப் பின், பதிவு செய்யாத உயில் ஒன்றை முறையாக எழுதினாலும், கடைசி உயில்தான் நிற்கும்.

உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று பெறுவது சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களைச் சேர்ந்த உயில்களுக்கு நீண்ட காலம் கட்டாயமாக இருந்தது. அதைக் கட்டாயமாக்கிய சட்டப்பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்குள் தகராறு வரக்கூடும் என்றால் அந்தச் சான்றை வாங்கிக்கொள்வது இப்போதும் பயன்தரும்.

"உயில் எதுக்கு, செட்டில்மென்டே எழுதிடுங்களேன்"

பிள்ளைகள் இப்படிக் கேட்டால் நிதானமாக யோசியுங்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசி மூச்சு வரை வீடு உங்களுடையது. செட்டில்மென்ட் பத்திரம் பதிவானால் உரிமை அன்றைக்கே கைமாறிவிடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. துணை இல்லாத உங்களுக்கு அந்த வீடுதான் கூரை, அதுதான் கைப்பிடி. பிள்ளை எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அவனுக்குக் கடன் வரலாம், அவன் உங்களுக்கு முன் போகலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என்னை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கவனிக்க வேண்டியவை

கிறிஸ்தவர் உயில் எழுதிய பின் மறுமணம் செய்தால் அந்த உயில் தானாக ரத்தாகிவிடும். திருமணத்துக்குப் பின் புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு இந்த விதி இல்லை, ஆனால் புதுத் துணையும் குடும்பத்தில் வந்துவிட்டதால் உயிலைத் திருத்துவது அவசியம்தான். சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய துணைக்கோ உயிலில் சொத்து எழுதியிருந்தால், கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை அந்தக் கொடை செல்லாது.

முஸ்லிம் சட்டப்படி கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உயில் மூலம் வாரிசல்லாதவருக்குக் கொடுக்க முடியும், அதற்கு மேல் என்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். ஒரு வாரிசுக்கு மட்டும் கூடுதலாக எழுத, பொதுவாக மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை. தனியாக வாழும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்தவரிடம் கலந்து, வாழ்நாளிலேயே கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

எழுதி முடித்த பிறகு

அசல் உயிலை உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் வைக்காதீர்கள். லாக்கரைத் திறக்கவே பிள்ளைகள் ஆவணங்களோடு அலைய வேண்டியிருக்கும், அவர்களுக்குத் தேவையான ஆவணமோ உள்ளே இருக்கும். நிறைவேற்றுநருக்குக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். உள்ளடக்கத்தைப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் உயில் இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் அதுவே சந்தேகத்துக்கு வித்தாகும்.

உயில் உங்கள் காலத்துக்குப் பின்தான் பேசும். நீங்கள் நினைவின்றி மருத்துவமனையில் கிடக்கும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. துணை இல்லாதவருக்கு அந்த நேரத்தில் முடிவெடுப்பது யார் என்று பிள்ளைகளுக்குள் தடுமாற்றம் வரும். உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் எளிமையாக்கிய முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல், அதாவது குணமாகாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முன்பே எழுதிவைப்பது, இங்கே உதவும். இரண்டு சாட்சிகளுடன், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில், முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு அதைத் தனி ஆவணமாக எழுதிவைக்கலாம்.

வீடு வாங்கினாலோ விற்றாலோ, பிள்ளைக்குத் திருமணமோ மணமுறிவோ ஆனாலோ, சாட்சியோ நிறைவேற்றுநரோ காலமானாலோ உயிலை எடுத்துப் படியுங்கள். சின்ன மாற்றம் என்றால் இணைப்பு உயில் எழுதலாம், அதற்கும் அதே இரண்டு சாட்சிகள் வேண்டும். பழைய உயிலில் பேனாவால் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினால், சாட்சிகளோடு முறைப்படி செய்யாதவரை அந்தத் திருத்தம் செல்லாது. மாற்றம் பெரிதென்றால் தேதியிட்டுப் புதிதாக எழுதி, பழைய உயிலின் அசலையும் கையிலிருக்கும் எல்லா நகல்களையும் கிழித்துவிடுங்கள். பழையது பதிவானது என்றால், அதன் பதிவு எண்ணைக் குறிப்பிட்டே புதிய உயிலில் ரத்து செய்யுங்கள்.